கலைத்த வரிசை

“தாயி, தீர்ப்பை முடிச்சுட்டேன். சரியான்னு ஒரு பார்வை பாத்துச் சொன்னீங்கன்னா இறங்கிருவேன்.”

மூச்சு வாங்க மலையேறி வந்த சாத்தையா அம்பலம் உட்காரக்கூட இல்லை. கீழே ஊர் கூடி, தலைவர் வரட்டும் என்று காத்திருந்தது.

ஊருக்குள் எல்லோரையும் வா, போ என்று பேசுகிறவர். மலைமேல் குடிசை போட்டிருந்த அழகுநாச்சியை மட்டும் ‘நீங்க’ என்பார். அவருக்கு வயது அறுபத்திரண்டு, அவளுக்கு முப்பத்தைந்து. ஆனாலும் அவள்தான் குரு.

நான்கு வருஷத்துக்கு முன் ஓர் ஆட்டுத் திருட்டில் ஆள் மாறித் தண்டனை கொடுத்துவிட்டார். அந்த வேதனை அவரைத் தூங்கவிடவில்லை. இனி ஒரு தீர்ப்பும் தப்பக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் மலையேறி, அவளிடம் கல் வைக்கக் கற்றுக்கொண்டார்.

“வச்சுக் காட்டுங்க” என்றாள்.

மடியிலிருந்து கூழாங்கற்களை எடுத்துப் பாறையில் கொட்டினார்.

முறை சுலபம்தான். ஒருவர் சொல்லுக்கு ஒரு கல். மெய் என்றால் வெள்ளை, பொய் என்றால் கறுப்பு. எத்தனை விதமாக இருக்க முடியுமோ அத்தனை வரிசையும் வைக்க வேண்டும். நடந்ததோடு ஒத்துவராததைக் கலைத்துக்கொண்டே வந்தால், உண்மை மிச்சத்தில் இருக்கும்.

“மூணு நாளைக்கு முன்னாடி எவனோ கண்மாய் மடையைத் திறந்துட்டான். விடிஞ்சு பாத்தா முக்கால் கண்மாய் காலி. காவலுக்கு ரெண்டு பேரு. பகல் காவல் ஆண்டி, ‘பொழுது சாய மடையை அடைச்சுட்டுத்தான் இறங்கினேன்’ங்கிறான். ராக்காவல் சேவுகன், ‘நான் மடையைத் தொடவே இல்லை’ங்கிறான்.”

இரண்டு பேர், நான்கு வரிசை. வைத்தார். இருவரும் வெள்ளை. ஆண்டி வெள்ளை, சேவுகன் கறுப்பு. ஆண்டி கறுப்பு, சேவுகன் வெள்ளை. இருவரும் கறுப்பு.

“விளக்கு வைக்கிற நேரத்துல வாய்க்கால் வறண்டு கிடந்ததை ஊரே பாத்துச்சு. அப்ப ஆண்டி அடைச்சது மெய்.”

ஆண்டியின் கல் கறுப்பாக இருந்த இரண்டு வரிசைகளைக் கலைத்தார்.

“ரெண்டு பேரும் மெய்யின்னா, மடையைத் திறந்தது யாரு, பேயா?”

முதல் வரிசையையும் கலைத்தார்.

ஒரு வரிசைதான் மிச்சம். ஆண்டி வெள்ளை, சேவுகன் கறுப்பு. பெருமையில் அவருக்கு மீசை துடித்தது.

“சேவுகன் என்ன சொல்றாரு?” என்று கேட்டாள்.

“என்னத்தைச் சொல்லுவான்? அப்ப யாருடா திறந்ததுன்னு கேட்டேன். என் மூஞ்சியைப் பாத்தான், தலையைக் கவுந்துக்கிட்டான். அவ்வளவுதான்.”

“தண்டனை?”

“குடும்பத்தோட ஊரை விட்டுப் போகணும். இன்னைக்கே.”

“அவரு மக நிறைமாசம்னு சொன்னாங்களே.”

அது அவருக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் ஒரு முடிவோடு வந்தவர்.

“ஊரே சாப்பிடுற தண்ணி போச்சு தாயி. யாரா இருந்தாலும் இதுதான் தண்டனை. அதுல மாத்தமில்லை.”

அவள் உள்ளே போய் ஒரு செம்பு மோர் கொண்டுவந்தாள்.

“இதைக் குடிங்க முதல்ல. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலை போல.”

“வீட்டுல யாருமே சரியாச் சாப்பிடலை. என் மகன் உடையப்பன் மூணு நாளா வட்டிலைத் தள்ளிட்டு எந்திரிச்சுர்றான். ஊருத் தண்ணி போச்சேன்னு அம்புட்டு வருத்தம் அவனுக்கு.”

 அழகுநாச்சி குனிந்து, அவர் கலைத்த கற்களில் வெள்ளை இரண்டைப் பொறுக்கி, முதல் வரிசையை மறுபடி வைத்தாள்.

“இதை ஏன் கலைச்சீங்க?”

“அதான் சொன்னேனே. ரெண்டு பேரும் மெய்யின்னா திறக்க ஆளில்லை.”

“ஊருல ரெண்டு பேருக்குத்தான் கை இருக்கா?”

“வேற யாரும் அன்னைக்குக் கரைப்பக்கம் போகலை.”

“அது யாரு சொன்னது?”

“நான்தான். கரைக்குப் போற பாதை என் வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகுது. வாசல்லயே கட்டில் போட்டுக் கிடந்தேன். காவக்காரங்களைத் தவிர ஈ காக்கா தாண்டலை.”

“அந்தச் சொல்லுக்குக் கல் எங்கே?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்றதும் முகம் சிவந்தது.

“என் சொல்லுக்குமா?”

“மூணு பேரு சொல்லியிருக்கீங்க. எத்தனை வரிசை வரும்?”

“எட்டு.”

“நாலுதான் வச்சீங்க.”

சுருக்கென்றது. ஆனால் அரைகுறையாக விட்டுவிட்டு எழுந்து போகிற ஆள் அவர் இல்லை.

“வைக்கிறேன். எட்டையும் வைக்கிறேன்.”

அப்போதுதான் உட்கார்ந்தார். வரிசைக்கு மூன்று கல்லாக, எட்டையும் நிதானமாக வைத்தார். ஆண்டி கறுப்பான நான்கும் போயின. மூவரும் வெள்ளையான வரிசையும் போயிற்று. மிச்சம் மூன்று.

அதில் ஒன்றின் மேல் அவர் கை போய் நின்றது. ஆண்டி வெள்ளை. சேவுகன் வெள்ளை. அவர் கறுப்பு.

“முடிஞ்சா கலைங்க” என்றாள்.

“நான் பொய் சொல்றவன் இல்லை தாயி.”

“பொய் சொன்னீங்கன்னு யாரு சொன்னா? உங்களுக்குத் தெரியாமயே சொன்னது தப்பா இருக்கலாம்.”

“தாண்டலை. சத்தியமா வாசலைத் தாண்டி யாரும் போகலை.”

“வெளியில இருந்து வந்து யாரும் தாண்டலை. சரி. வீட்டுக்குள்ள இருந்து?”

வீட்டின் பின்வாசல் கரையைப் பார்த்தபடிதான் இருந்தது.

கடைமடை வயலில் நம்ம நாற்று வாடுகிறது, வாடுகிறது என்று ஒரு வாரமாக அனத்தியவன் உடையப்பன். மூன்று நாளாகத் தள்ளிவைத்த வட்டில். சேவுகன் நிமிர்ந்து பார்த்த பார்வை. குற்றவாளியின் தலை கவிழ்ந்தது என்று நினைத்தாரே, உங்கள் மகன்தான் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியாமல் கவிழ்ந்த தலை அது.

அந்த வரிசையைக் கலைக்காமலே கையை எடுத்தார்.  



“அவனைக் கூப்பிட்டுக் கேக்கணும். கேட்டா மறைக்கமாட்டான்.”

“ம்.”

“யாரா இருந்தாலும் இதுதான் தண்டனைன்னு சொன்னேன் தாயி.”

“சொன்னீங்க.”

“அந்தச் சொல்லுக்கு எந்தக் கல்லை வைக்கிறது?”

அவள் ஒரு வெள்ளைக் கல்லையும் ஒரு கறுப்புக் கல்லையும் எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அது என் கையில இல்லை. கீழே போய் நீங்கதான் வைக்கணும்.”

சாத்தையா அம்பலம் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். கறுப்பைப் பாறையிலேயே விட்டுவிட்டு, வெள்ளைக் கல்லை எடுத்து மடியில் முடிந்துகொண்டு, கீழே இறங்கினார்.