வெண்ணெய் மாதிரி ஓடிய கார்

காந்திபுரத்து கேம் சென்டரில், டிவிக்குக் கீழே கதவு போட்ட அலமாரிக்குள், கறுப்பு ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு கேம் பெட்டிகள். யூடியூபில் கேம் விமர்சனம் செய்து பேர் வாங்கிய கனகவேல் ஒருநாள் அங்கே வந்தார். "வெள்ளையைத் தூக்கிப் போடுங்க. இன்னைக்கு பட்டனை அமுக்கினா நாளைக்குத்தான் அதுக்கு உறைக்கும்" என்றார். கடைக்காரரும் தலையாட்டிவிட்டார்.

வெள்ளையில் மட்டுமே விளையாடும் நஸ்ரின் எழுந்து குறுக்கே நின்றாள். "தூக்க விடமாட்டேண்ணா. வெள்ளைதான் நல்லா ஓடும்."

"அதை என் வாயாலேயே சொல்ல வை பார்ப்போம். முடியலன்னா இந்தக் கடைப் பக்கமே வரக் கூடாது."

"சரிங்ணா. முதல்ல உங்க கறுப்புல ஒரு ரேஸ் ஓட்டிக் காட்டுங்க."

அலமாரிக்குள் கையை விட்டுப் பெட்டியை ஆன் செய்து கதவைச் சாத்தினாள். "லோட் ஆகுதுண்ணா, கொஞ்சம் பொறுங்க" என்றாள். திரையில் கார் கிளம்பும் நேரத்தில் கறுப்புக் கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தாள்.

கனகவேல் உடம்பையே வளைத்து வளைத்து ஓட்டினார். "பார்த்தியா? நான் நினைக்கிறதுக்குள்ள திரும்புது! வெண்ணெய் மாதிரி வழுக்குது! இதுக்கு ஈடா இன்னொண்ணு கிடையவே கிடையாது!"

நஸ்ரின் அலமாரியைத் திறந்தாள். ஓடிக்கொண்டிருந்தது வெள்ளை. கறுப்பு அணைந்து கிடந்தது.

கனகவேல் கன்ட்ரோலரைக் கீழே வைத்தார். கார் நிற்கவில்லை. அடுத்த வளைவிலும் அழகாகத் திரும்பியது.

"அப்போ… ஓட்டுறது யாரு?"

"யாரும் தொடலைன்னா கேமே ஒரு ரேஸ் ஓட்டிக் காட்டும்ணா. என் தம்பி சின்னதுல அடம்பிடிச்சா, இப்படித்தான் சும்மா கிடக்கிற கன்ட்ரோலரை அவன் கையில குடுப்பேன். ஆனா அவன் ரெண்டாவது வளைவுலயே கண்டுபிடிச்சுட்டான்."