பித்தளைக் குழாயில் ஒரு கைக்கடிகாரம்

பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டி ஓய்வு பெற்ற மாரப்பன், தன்னைவிட வயதில் மிக இளையவரான பியூலாவிடம் கடிகார வேலை கற்கப் போனார்.

கோவையில் ஒரு மாடி அறையில் பியூலா கடிகாரம் பழுது பார்த்தார். விரும்பி வந்தவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். வயது வித்தியாசத்தை மாரப்பன் பொருட்படுத்தவில்லை. முதல் நாளே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். பியூலா அவரை அண்ணா என்றார்.

அந்த வருடம் மாரப்பனின் மகள் கோகிலாவுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்துபவர். பெண் பார்க்க வந்த அன்று அவர் கையில் வெளிநாட்டுக் கடிகாரம் ஒன்று தங்கமாக மின்னியது. ஒரு கார் வாங்கும் விலை என்று உறவுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். காபித் தம்ளரை நீட்டும்போது மாரப்பன் தன் வெறும் மணிக்கட்டைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டார். கோகிலா அதைப் பார்த்துவிட்டாள்.

அதுதான் அவரைக் குடைந்தது.

மறுநாளே அதே மாதிரி ஒரு கடிகாரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். உடைந்த பித்தளைக் குழாயின் தடித்த கழுத்தை லேத்தில் கடைந்து கூடு செய்தார். பிஸ்கட் டின் மூடியை வெட்டித் தேய்த்து முகப்பு செய்தார். பைக் மீட்டரின் பிளாஸ்டிக் மூடி, கடிகாரத்தின் கண்ணாடியாயிற்று. தையல் ஊசிகளைத் தீயில் பழுக்கவைத்துத் தட்டி, அரத்தால் ராவி முட்கள் ஆக்கினார். டீச்சர் கழித்துப் போட்டிருந்த இரண்டு செத்த கடிகாரங்களில் இருந்து ஒரு இயந்திரத்தைத் தேற்றினார். மனைவியின் கிழிந்த கைப்பை வாராக மாறியது. எத்தனையோ முட்கள் ஒடிந்தன. முகப்பை மூன்று தடவை தூக்கி எறிந்தார். கடைசியில் பித்தளைக்கு மெருகேற்றியபோது அது சென்னியப்பனின் கடிகாரம் போலவே இருந்தது. பன்னிரண்டுக்குக் கீழே, பூதக் கண்ணாடி வைத்து, அந்த வெளிநாட்டுக் கடிகாரக் கம்பெனியின் பெயரையும் எழுதினார்.

நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய நாள் அதை டீச்சரிடம் கொண்டுபோனார். பியூலா கண்ணில் லென்ஸைப் பொருத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மூடியைத் திறந்து பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார்.

"டீச்சர், இது போலின்னு யாராச்சும் கண்டுபுடிக்க முடியுங்களா?"

"முடியாதுங்கண்ணா."

மாரப்பன் சிரித்தார்.

"இதைச் செஞ்சது யாருன்னும் கண்டுபுடிக்க முடியாது" என்றார் பியூலா. கடிகாரத்தை அவரிடமே கொடுத்துவிட்டு, மேஜையில் கிடந்த வேறு வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

நிச்சயதார்த்தம் நல்லபடியாக நடந்தது. தட்டு மாற்றிக்கொண்டார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு ஆண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது சென்னியப்பன் சம்பந்தி கையில் இருந்த கடிகாரத்தைக் கவனித்தார். மாரப்பனின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சம்பந்தியும் தன்னைப் போலவே ரசனைக்காரர் என்று அவருக்கு மகிழ்ச்சி. சுற்றி இருந்தவர்களிடம் அந்த முட்களின் நேர்த்தியைக் காட்டினார்.

"பாருங்க, என்ன வேலைப்பாடு. நம்ம ஊர்ல எவனாலயும் இப்படி ஒரு முள்ளு செய்ய முடியாது" என்றார்.

எல்லோரும் தலையாட்டினார்கள். மாரப்பனும் ஆட்டத்தான் நினைத்தார். கழுத்து அசையவில்லை. ஒடிந்த முட்கள் ஒவ்வொன்றும் நினைவுக்கு வந்தன. உள் அறை வாசலில் கோகிலா நிற்பது தெரிந்தது. அவளுக்கு உண்மை தெரியும்.

"நாஞ் செஞ்சதுங்க" என்றார்.

சென்னியப்பனுக்குப் புரியவில்லை.

"கடிகாரத்தைச் சொல்றனுங்க. நாஞ் செஞ்சது. எங்க ஊட்டுப் பழைய தண்ணிக் குழாய்ல."

மைத்துனர் பின்னால் இருந்து அவர் சட்டையை இழுத்தார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், போலியைக் கட்டிக்கொண்டா சபையில் உட்கார்ந்தார் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. மாரப்பன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இந்தச் சம்பந்தம் முறிந்து போகலாம் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்பப் பெறத் தோன்றவில்லை.

சென்னியப்பன் அதைக் கழற்றித் தரச் சொன்னார். தன்னுடையதையும் கழற்றி, இரண்டையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"முள்ளு எதுல செஞ்சீங்க?"

"தையல் ஊசிங்க சம்பந்தி."

அவர் தன் மகனைக் கூப்பிட்டார். "இங்க வாடா. உங்க மாமனார் என்ன செஞ்சிருக்கார்னு பாரு."

கடிகாரம் கை மாறிக் கை மாறிக் கூடம் முழுவதும் சுற்றியது. கோகிலாவிடம் வந்தபோது அவள் அதை யாரிடமும் கொடுக்காமல் தானே அப்பாவின் கையில் கட்டிவிட்டாள்.

மறுநாள் மாரப்பன் மாடி அறைக்குப் போய், முகப்பில் இருந்த பெயரைச் சுரண்டி எடுத்தார். அந்த இடத்தில் தன் பெயரை எழுதலாமா என்று கேட்டார்.

"கையெழுத்துதான் முள்ளுலயே இருக்குதேங்கண்ணா" என்றார் பியூலா.

மாரப்பன் அந்த இடத்தை வெறுமையாகவே விட்டார்.

கல்யாணம் முடிந்து சில வாரங்கள் கழித்து சென்னியப்பன் அந்த அறைக்கு வந்தார். காலமான தன் அப்பாவின் கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். சாவி கொடுக்கும் திருகின் தண்டு உள்ளே ஒடிந்து, பல வருடங்களாக அது நின்றுபோயிருந்தது. அந்தப் பாகம் இப்போது வருவதில்லை என்று பெரிய கடைகளில் சொல்லிவிட்டார்களாம். டீச்சரிடம் கொடுத்துவிட்டு, சம்பந்தியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

பியூலா அதைத் துணியோடு மாரப்பனின் மேஜைக்கு நகர்த்தினார்.

மாரப்பன் தொடவில்லை. அதுவரை அவருக்குப் பழகக் கிடைத்ததெல்லாம் கழித்துப் போட்டவைதான்.

"டீச்சர், இது அசலுங்க. இதுல நான் கை வெக்கலாங்களா?"

பியூலா சின்ன திருப்புளியை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

"அசலும் ஒருத்தர் கை வெச்சதுதாங்கண்ணா. திறங்க."