வெற்றிலைக்காரன் நட்ட நான்கு கம்பங்கள்

கதை கேட்க வந்தவர்களே, நெருங்கி உட்காருங்கள். காலாட்டுகிறவர்கள் கொஞ்சம் நிறுத்துங்கள். ஓர் இடத்தில் ஒரு நாழிகை நிற்கத் தெரியாத ஒருவனைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

ராஜாக்கள் யானைமேல் போய்க்கொண்டிருந்த காலத்தில், வெண்ணாவல் என்ற ஊரில் பெருந்தேவன் என்றொரு வெற்றிலை வியாபாரி இருந்தான். வெற்றிலையைக் கூடையில் அடுக்கி அப்படியே விட்டால் அழுகிப்போகும். பிரிக்க வேண்டும், புரட்ட வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

ஆனால் அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. கட்டிய உறியை அவிழ்த்துக் கட்டும். போட்ட கட்டிலை இழுத்துப் போடும். கொதிக்கிற உலையைத் திறந்து திறந்து பார்க்கும். வெந்தும் வேகாமலும் ஒரு சோறு, அதைத்தான் அந்த வீட்டில் தினமும் தின்றார்கள்.

அவர்களிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. போன ஐப்பசியில் கொட்டும் மழையில் கன்று போட்டது. கொல்லையில் ஒதுங்க ஒரு கீற்றுகூட இல்லை. பிறந்த கன்று குளிரில் விறைத்துச் செத்தது. பெருந்தேவனின் மனைவி நங்கை அன்றெல்லாம் அழுதாள்.

இந்த ஐப்பசியிலும் செவலை நிறைசினையாக நின்றது.

"ஏங்க, இந்தக் கன்னும் நனைஞ்சு செத்துச்சுன்னா, செவலையை எங்க அண்ணன் வீட்டுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன். நானும் திரும்பி வரமாட்டேன்" என்றாள் நங்கை. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பெருந்தேவன் மாட்டுக்கு ஒரு கொட்டகை போடக் கூரை வேய்கிறவர்களிடம் ஓடினான். "மழை விடட்டும், வர்றோம்" என்றார்கள். அந்த மழை எங்கே விடுகிறது? "யாரும் வேண்டாம், நானே கட்டிக்கிறேன்" என்று கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனான்.

தூறலில் நனைந்தபடி குழி தோண்டினான். நான்கு கம்பங்களையும் நட்டான். நன்றாகத்தான் நட்டான். அப்போது பக்கத்து வீட்டு எண்ணெய்க்காரர் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். "கிழக்கே வாசல் வச்சா சாரல் அடிக்குமே தம்பி" என்றார். உடனே பெருந்தேவனுக்குக் கை பரபரத்தது. நான்கையும் பிடுங்கினான், மேற்கே பார்த்து நட்டான்.

சுவரில் ஒரு பல்லி சொல்லிற்று. நல்லதற்குச் சொன்னதோ, கெட்டதற்குச் சொன்னதோ! நான்கையும் பிடுங்கினான், தெற்கே பார்த்து நட்டான்.

தெற்கே ஒரு மேகம் கறுத்தது. நான்கையும் பிடுங்கினான், மறுபடி கிழக்கே பார்த்தே நட்டான்.

இதற்குள் குழிகள் எல்லாம் சேறாகிவிட்டன. கம்பங்கள் ஆட்டம் கண்டன. அவன் கடப்பாரையைத் தரையில் போட்டு, "பாழாய்ப்போன மழை! என்னை ஒரு வேலை செய்ய விடுதா?" என்று வானத்தைப் பார்த்துக் கத்தினான்.

நங்கை இடுப்பில் கை வைத்து நின்றாள். "மழை ஒரு கம்பத்தையாவது பிடுங்கிச்சா? எல்லாத் தடவையும் பிடுங்கினது நீங்கதானே?"

பெருந்தேவன் இந்தத் தடவை கம்பங்களைப் பிடுங்கவில்லை. குனிந்து வேலையைப் பார்த்தான். கழிகளைக் குறுக்கே கட்டிக் கீற்றைப் பரப்பினான். நங்கை கல்லும் ஓட்டுச்சில்லும் கொண்டுவந்து மூன்று குழிகளை இடித்து இறுக்கினாள். நான்காவதற்கு வரும்போது செவலை வலியில் கத்தியது. நங்கை ஓடிப்போய்ப் பசுவைக் கூரைக்கடியில் இழுத்து வந்தாள். பசு படுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் காற்று வீசியது, நான்காவது கம்பம் சாய்ந்தது, கூரை ஒரு பக்கமாக இறங்கியது.

பெருந்தேவன் பாய்ந்து கம்பத்தைக் கட்டிப்பிடித்தான். கூரை நின்றது.

"விட்டுடாதீங்க! இம்மிகூட அசையக் கூடாது!" என்று கத்திவிட்டு நங்கை பசுவின் பக்கம் குனிந்தாள்.

ஆண்டவனே, அவனையா அசையாதே என்பது?

முதலில் மூக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டான், அசையவில்லை. பிறகு வேட்டி அவிழ்ந்து காலடியில் விழுந்தது. வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான், அசையவில்லை. கோவணத்தோடு ஒரு வியாபாரி மழையில் நிற்கிறான், பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் பெரிய சோதனை. வேலிக்கு அப்பாலிருந்து எண்ணெய்க்காரர் கூப்பிட்டார். "தம்பி, வாசல்ல உன் வெத்தலைக் கூடை நனையுது! இப்பப் பிரிச்சுப் புரட்டலேன்னா அத்தனையும் அழுகிடும்! நான் தொட்டா கிழிஞ்சிடும், நீ ஓடி வா!"

மறுநாள் திருவிழாவுக்கு வைத்திருந்த கூடை அது. அவன் விரல்கள் கம்பத்தின்மேலேயே இலை புரட்டின. கால் ஓடத் துடித்தது. மனமோ ஏற்கனவே வாசலுக்குப் போய்விட்டது. அப்போது செவலையின் வாலடியில் இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன.

"அழுகட்டும் அண்ணே!" என்றான் பெருந்தேவன். கம்பத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

மழை அடித்தது, காற்று அடித்தது, அவன் நின்றான். கன்று விழுந்தது. செவலை அதை நக்கி நக்கித் துடைத்தது. நங்கை அழுதுகொண்டே வந்து நான்காவது குழியில் கல்லைப் போட்டு இறுக்கினாள். கம்பம் சற்றுச் சாய்ந்தபடியே இறுகிவிட்டது.

கூடை முழுக்க அழுகித்தான் போயிற்று. நங்கை அதை எருக்குழியில் கொட்டிவிட்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள். அன்று அவன் உலையைத் திறக்காததால் அரிசி நன்றாக வெந்திருந்தது.

மறுநாள் வெயில் வந்தது. பெருந்தேவன் கொல்லைக்குப் போனான். அந்தக் கம்பம் சாய்ந்து நின்றது அவன் கண்ணை உறுத்தியது. கொஞ்சம் அசைத்து நேராக்கலாமே என்று கை நீண்டது. கம்பத்தடியில் கன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு திரும்பி நடந்தான்.

ஆகவே கேட்டவர்களே, செய்த வேலையைக் கலைத்துக் கலைத்துச் செய்கிறவனுக்கு எந்தப் பருவமும் கெட்ட பருவம்தான்.