சிவப்பு நாற்காலியும் கரித்துணியும்

ஹசீனா டீச்சரிடம் இரண்டு பேர் பிளவுஸ் தைக்கப் படித்தார்கள். ஒருத்தி ஜெபராணி, வயசு இருபத்தாறு. இன்னொருத்தி பேச்சியம்மாள், வயசு நாற்பத்திரண்டு. டீச்சருக்கே வயசு முப்பத்தொன்றுதான். அதனால் டீச்சர் பேச்சியம்மாளை அக்கா என்பார். பேச்சியம்மாள் அவரை டீச்சர் என்பாள்.

பேச்சியம்மாள் இருபது வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கினவள். அந்த மருந்து வாடை விரலை விட்டுப் போனால் போதும் என்றுதான் தையலுக்கு வந்தாள்.

படித்து முடித்ததும் ஆளுக்கொரு கடை போட்டார்கள். ஜெபராணி பஜாரில். பேச்சியம்மாள் தன் வீட்டு வாசலில். இரண்டு பேரும் தைத்ததைப் படம் எடுத்துப் போனில் போட்டார்கள்.

ஆறு மாசம் ஆனது. ஒரு நாள் காலையில் பேச்சியம்மாள் டீச்சர் வீட்டுக்கு வந்தாள். டீச்சர் கீழே உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என் மெஷினை யாருக்காவது தள்ளிவிட்டுருங்க. திங்கக்கிழமை ஆபீஸுக்கு வரச் சொல்லிருக்காங்க."

"எந்த ஆபீஸு?"

"தீப்பெட்டி ஆபீஸுதான். எனக்கு வேற எந்த ஆபீஸு இருக்கு?"

டீச்சர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். கதவுக்குப் பின்னால் ஒரு மஞ்சள் பை தொங்கியது. அதை ஒரு தரம் பார்த்தார். ஆனால் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"உக்காருங்கக்கா. யாருமே தைக்க வரலையா?"

"யாரு வருவா? ஊரே அவளைத்தான் பாக்குது. காலைல பல்லு வெளக்குமுன்ன போனைத் தொறந்தா ஜெபராணி. சோறு வடிக்கையில தொறந்தா ஜெபராணி. ஜன்னல் வச்சு ஒண்ணு, கயிறு கட்டி ஒண்ணு, குஞ்சம் தொங்கவிட்டு ஒண்ணு. எங்கூடத்தான டீச்சர் படிச்சா? கை வைக்கத் தெரியாம மூணு தடவை பிரிச்சா. நான்தான் பிடிச்சுக் குடுத்தேன்."

"ஆமா. நீங்கதான் குடுத்தீங்க."

"நீங்களும் அவ படத்துக்கு இதயம் போட்டிருக்கீங்க. பாத்தேன்."

"போட்டேன்."

"எனக்குப் போடலை."

"உங்க படம் எனக்கு வரவே இல்லையேக்கா."

பேச்சியம்மாளுக்கு அதைக் கேட்டு இன்னும் எரிந்தது. போனை எடுத்து டீச்சர் முன்னால் வைத்தாள்.

"இதையும் பாருங்க. ஒரு படத்தைக் காட்டினா அதே மாதிரி உள்ளதைத் தேடிக் கொண்டாரும்னு எம்மக சொன்னா. நான் தைச்ச பட்டு பிளவுஸைக் காட்டினேன். என்ன கொண்டாந்திருக்கு பாருங்க."

டீச்சர் பார்த்தார். பேச்சியம்மாள் எடுத்த படத்தில், பச்சைப் பட்டு பிளவுஸ் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் மாட்டியிருந்தது. அதற்குக் கீழே போன் கொண்டுவந்த படங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் நாற்காலி. கை வைத்தது, கை வைக்காதது, குழந்தைக்கு உள்ளது.

"பிளவுஸ்னு ஒண்ணு இருக்குன்னுகூட அதுக்குத் தெரியலை டீச்சர். ராத்திரி பகலா உக்காந்து தைச்சேன். ஜெபராணி காட்டினா மட்டும் பிளவுஸா தெரியுது."

டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போனார். கரித்துணியோடு வந்தார். சட்டி இறக்கி இறக்கிப் பழுத்துப்போன துணி. ஒரு ஓரம் கருகியிருந்தது. அதை அளவு பார்க்கிற வெள்ளைப் பொம்மைக்குச் சுற்றி, நாலு குண்டூசி குத்தினார். கழுத்துக்குப் பின்னால் ஒரு நாடாவைக் கட்டி, வெட்டுத் துணியில் ஒரு குஞ்சம் சுருட்டித் தொங்கவிட்டார். பொம்மையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார்.

"இப்பக் காட்டுங்க."

பேச்சியம்மாள் படம் எடுத்துக் காட்டினாள்.

போன் பன்னிரண்டு பிளவுஸ் கொண்டுவந்தது. கல்யாணத்துக்குப் போடுகிற டிசைன் என்று எழுதியிருந்தது. மூன்றாவது ஜெபராணி தைத்தது.

பேச்சியம்மாள் சிரித்துவிட்டாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"கரித்துணிக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லை."

"துணியை அது பாக்கலையேக்கா."

"அப்ப நானும் ஒரு பொம்மை வாங்கட்டுமா?"

"வாங்குங்க. படம் நல்லா விழும். நாற்காலியைத் தூக்கி உள்ள போடுங்க."

பேச்சியம்மாள் பொம்மையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் பழைய எரிச்சல் திரும்பி வந்துவிட்டது.

"அவளும் பொம்மைதான் வச்சிருக்கா. பொம்மை வச்சவ எத்தனையோ பேரு இருக்கா. அவ மட்டும் ஏன் நாள் பூரா வாரா?"

டீச்சரின் போன் அவருடைய மூன்று வயசு மகள் கையில் இருந்தது. அவள் மெஷின் காலடியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் குனிந்து அதை வாங்கினார். பிள்ளை கத்த ஆரம்பித்தது. டீச்சர் போனைப் பேச்சியம்மாள் பக்கம் திருப்பினார்.

ஒரு ஜேசிபி மண்ணை அள்ளிக் கொட்டியது. விரலால் தள்ளினார். இன்னொரு ஜேசிபி வந்தது. மறுபடி தள்ளினார். சேற்றில் மாட்டிய ஜேசிபியை வேறொரு ஜேசிபி இழுத்தது.

"எனக்கு ஒரு மாசமா இதான் வருது. ஊரே மண்ணைத் தோண்டுதுன்னு நினைச்சுக்கட்டுமாக்கா?"

"அதைப் பிள்ளை பாக்குது. அதான் வருது."

"உங்க போனை யாரு பாக்கா?"

பேச்சியம்மாள் தன் போனைப் பார்த்தாள். பிள்ளை போனைப் பிடுங்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போனது.

"நான் என்ன ஆசையாவா பாக்கேன்? வயித்தெரிச்சல்ல பாக்கேன் டீச்சர்."

"போன்கிட்ட அதைச் சொன்னீங்களா?"

பேச்சியம்மாள் தன் போனைத் தரையில் கவிழ்த்து வைத்தாள். ஆனாலும் மனசு ஆறவில்லை.

"சரி. என் போனுக்கு நான்தான் அவளைக் கூட்டிட்டு வந்தேன். மத்தவங்க? முந்தாநாளு டீக்கடைக்காரர் மருமக துணிப்பையோட எங்க வாசல்ல வந்து நின்னா. நின்னா, போயிட்டா. நேரா பஜாருக்குத்தான் போயிருப்பா."

"என்ன துணி கொண்டாந்தா?"

"பாக்கலை."

"பிள்ளையைத் தூக்கிட்டு வந்தாளா?"

"தெரியலை. அன்னைக்குன்னு பாத்து ஜெபராணி ஒரு மயில் போட்டிருந்தா. கழுத்துலேர்ந்து இடுப்பு வரைக்கும் தோகை. அதைப் பாத்துட்டுத் தலையைத் தூக்குறேன், அவ தெருமுனை திரும்பிட்டா."

டீச்சர் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் இருந்த மஞ்சள் பையை எடுத்துவந்து பேச்சியம்மாள் மடியில் வைத்தார்.

பைக்குள் சாதாரணப் பருத்தித் துணி மூன்று இருந்தது. அதோடு அளவுக்கு ஒரு பழைய பிளவுஸ். வெளுத்த ஊதா நிறம். பேச்சியம்மாள் அதைப் புரட்டி உள்பக்கம் பார்த்தாள். ஓரத்தில் இரண்டு விரற்கடை துணி விட்டுத் தைத்து, அதை இரண்டு தடவை பிரித்துப் பெரிசு பண்ணியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கையில் ஒரு தடவை, பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை. இன்னும் ஒரு விரற்கடை மிச்சம் கிடந்தது.

அது பேச்சியம்மாள் படிக்கும்போது தன் கையால் தைத்த பிளவுஸ்.

"டீக்கடைக்காரர் மருமகதான் முந்தாநாளு சாயந்தரம் வந்து குடுத்தா. முன்னால கொக்கி வச்சு, பிள்ளைக்குப் பால் குடுக்க வசதியா மூணு வேணுமாம். பேச்சியக்காதான் தைக்கணும்னு சொல்லிட்டுப் போனா."

"எங்கிட்டயே குடுத்திருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை கூப்பிட்டாளாம். பிள்ளை வேற அழுதுச்சாம்."

பேச்சியம்மாள் அந்தத் தையல் மேல் விரலை ஓட்டினாள். ஓரம் வரைக்கும் போய், மறுபடி ஓட்டினாள். துணி மூன்றையும் மடித்துப் பையில் வைத்தாள். பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தாள். வாசல் வரைக்கும் போனவள் நின்றாள்.

"டீச்சர்."

"சொல்லுங்கக்கா."

"முதல்ல ஜெபராணிகிட்டப் போயி, அவ முடியாதுன்ன பெறகு இங்க வந்தாளோ?"

டீச்சர் கரித்துணியில் இருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஜெபராணி தைச்சது இதுவரைக்கும் எத்தனை பாத்திருப்பீங்க?"

"நூறு இருக்கும். கண்ணை மூடிக்கிட்டே சொல்லுவேன்."

"முன்பக்கம் எப்படி வெட்டுறா?"

பேச்சியம்மாள் கண்ணை மூடினாள். ஜன்னல் வந்தது. கயிறு வந்தது. குஞ்சம் வந்தது. மயில் வந்தது. கண்ணைத் திறந்தாள்.

"முன்பக்கம் ஒண்ணுகூடப் போடலையே டீச்சர். எல்லாம் முதுகுதான்."

டீச்சர் கடைசிக் குண்டூசியைக் கழற்றி டப்பாவில் போட்டார்.

"ஆறு மாசமா முதுகையே பாத்துட்டு இருந்திருக்கீங்க. முன்னால வந்து நின்னவளை எங்கக்கா பாப்பீங்க?"