செவ்வாய்க்கிழமையின் நாளை

"மேடம், நாற்பத்தொண்ணும் மறுபடி திரும்பி வந்துருச்சு."

திருமாறன் அலுத்துப்போய்ச் சொன்னார். ஒரு மருத்துவமனைக்காக நோயாளிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சின்ன அலுவலகம் அது. போய்ச் சேராத செய்திகள் தனி வரிசையில் ஒதுங்கி நிற்கும். அவற்றைத் திரும்ப அனுப்புவது அவர் வேலை.

"எத்தனை தடவை அனுப்புனீங்கண்ணே?" என்று கேட்டார் ஷகிலா பானு. திருமாறனைவிடப் பதினைந்து வயது இளையவர். அவருக்கு வேலை கற்றுத் தந்தவரும் ஷகிலாதான்.

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்து ஒரு பதினேழு தடவை இருக்கும்."

"ஏன் திரும்பி வருதாம்?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"கேட்டீங்களா?"

அவர் கேட்கவில்லை. பதினேழு தடவையும் பொத்தானை அமுக்கியதோடு சரி. இப்போதுதான் ஒன்றைத் திறந்து பார்த்தார்.

'குடும்பப் பெயர் இல்லை. ஏற்க இயலாது.'

"குடும்பப் பெயரா! நம்ம ஊர்ல யாருக்கு இருக்கு அது? இனிஷியலோட சரி. எந்தப் புத்திசாலி இந்த விதியை எழுதினான்?"

ஷகிலா திரையின் அடிப்பகுதியைக் காட்டினார். விதியை எழுதியவர் பெயர் அங்கே இருந்தது.

மா. திருமாறன்.

அசடு வழிந்தது அவருக்கு. மளமளவென்று விதியை நீக்கினார். விரல் தானாகப் பழைய பொத்தானுக்குப் போனது.

"இருங்க. ஒண்ணை மட்டும் உங்க நம்பருக்கு அனுப்புங்க."

"எனக்கெதுக்கு மேடம்?"

"அனுப்புங்கண்ணே."

சட்டைப்பையில் போன் சிணுங்கியது.

'நாளை காலை ஏழு மணிக்கு ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றுடன் வரவும். பரிசோதனை முடியும்வரை சர்க்கரை மாத்திரை போட வேண்டாம்.'

"போயிருச்சு மேடம்!" அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"அப்ப நாளைக்கு வெறும் வயித்தோட வாங்க."

சிரிக்கப்போனவர் நிறுத்திக்கொண்டார். இன்று வெள்ளிக்கிழமை. செய்தி எழுதப்பட்டது செவ்வாய்க்கிழமை; அதிலிருந்த 'நாளை' புதனோடு போய்விட்டது.

அவருக்கும் சர்க்கரை உண்டு. காலைச் சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளினால் கை எப்படி நடுங்கும் என்று தெரியும். நாற்பத்தொரு பேர் நாளைக் காலையில், பரிசோதனை இல்லாத நாளில், பூட்டிய கதவின் முன்னால் பட்டினியாக நிற்பதை நினைத்ததும் அவருக்குப் பயமாக இருந்தது.

"இதை இனிமே அனுப்பவே கூடாதே மேடம். அப்ப அழிச்சிரட்டுமா?"

ஷகிலா மேஜைத் தொலைபேசியை அவர் பக்கமாக நகர்த்தினார்.

திருமாறன் முதல் நோயாளியின் எண்ணைச் சுழற்றினார்.

"ஐயா, ஆஸ்பத்திரிக்காகப் பேசுறோம். செவ்வாய்க்கிழமை உங்களுக்கு ஒரு செய்தி வந்திருக்கணும்..."

"வரலையே தம்பி," என்றது சோர்ந்த குரல் ஒன்று. "வெறும் வயித்தோட வரணும், என்னைக்குன்னு செய்தி வரும்னாங்க. எந்நேரம் கூப்பிடுவாங்களோன்னு மூணு நாளா மத்தியானம் வரைக்கும் பச்சைத்தண்ணியோட உக்காந்திருக்கேன். இன்னைக்கு வரவா?"



"முதல்ல சாப்பிடுங்கய்யா," என்றார் திருமாறன். "நீங்க சாப்பிட்டு வர்ற வரைக்கும் நான் லைன்லயே இருக்கேன்."