அம்மனுக்கு வந்த பழம்புடவை

மேலக்கரைச் செல்லியம்மன் கோயில் பூசாரி மாசிலாமணிக்கு வயது முப்பத்திரண்டு. அவரிடம் அம்மன் அலங்காரம் கற்றுக்கொள்ள வந்த வைத்தியலிங்கத்துக்கு அறுபது முடிந்திருந்தது.

வைத்தியலிங்கம் நகரத்து ஜவுளிக்கடை ஒன்றில் முப்பது வருடம் பொம்மைகளுக்குப் புடவை கட்டியவர். காலையில் மடிசாராகக் கட்டிய புடவையை மாலையில் அவிழ்த்து, மயில் தோகையாக விரிப்பார். கடைக்கு வெளியே ஆட்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மனைவி இறந்த பிறகு, மிச்ச நாளை அம்மனுக்குக் கட்டிக் கழிக்கலாம் என்று மேலக்கரைக்கு வந்துவிட்டார்.

மாசிலாமணி மறுக்கவில்லை. நான்கு மாதம் அவரைத் தண்ணீர் சுமக்கவும் திரி திரிக்கவும் விட்டார். ஒரு வெள்ளிக்கிழமைதான் முதன்முதலாக ஒரு புடவையை அவர் கையில் கொடுத்தார்.

அதைக் கொண்டுவந்தவள் செங்கமலம். பக்கத்துக் காலனிக்காரி. அவளுடைய ஒரே மகள் தேவகி காய்ச்சலில் இறந்து இருபது நாள் ஆகியிருந்தது; கருமாதி முடிந்திருந்தது. செங்கமலத்தின் தம்பியும் கூட வந்திருந்தான்.

"புதுசு இல்ல சாமி. எம்மவ கட்டினது. துவைச்சுக் கொண்டாந்திருக்கேன். அம்மா மேல ஒருதரம் சாத்துவீங்களா?"

"குடுங்கம்மா."

நீலப் பருத்திப் புடவை. வெளுத்துப் போயிருந்தது. ஓரிடத்தில் கிழிசலைப் பச்சை நூலால் தைத்திருந்தார்கள். வைத்தியலிங்கம் அதைத் தடவிப் பார்த்தார். பெற்றவள் மனம் குளிரக் கட்ட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளுத்த பக்கத்தை உள்ளே மடித்தார். கிழிசலை எட்டாவது மடிப்புக்குள் மறைத்தார். கரையை இழுத்து விசிறியாக்கினார். திரை விலகியதும் கூட்டத்தில் ஒருத்தி, "பட்டு மாதிரியில்ல இருக்கு!" என்றாள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

செங்கமலம் மட்டும் அம்மனை மேலும் கீழும் பார்த்தாள்.

"எம்மவ புடவை எங்கங்க?"

"இதுதாம்மா," என்றார் வைத்தியலிங்கம். "அதே கரை, பாருங்க."

"கிழிசல் தச்ச இடம்?"

"அது உள்ள போயிடுச்சும்மா. கண்ணுக்கே தெரியாது."

அவள் தலையாட்டினாள். கும்பிடக் கை எழவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

மாசிலாமணி படியிறங்கி அவளிடம் வந்தார்.

"உங்க மக இதை எப்படிம்மா கட்டும்?"

"மடிப்பெல்லாம் எடுக்க மாட்டா சாமி. கடலைக் கொல்லை வேலைக்குப் போறவளுக்கு நேரம் ஏது? கணுக்காலுக்கு மேல தூக்கிக் கட்டி, இழுத்துச் செருகிக்குவா." கொஞ்சம் தயங்கினாள். "முந்தானையை வலது தோள்லதான் போடுவா. இடதுகைக்காரி. எத்தனையோ தரம் திட்டியிருக்கேன். கேக்க மாட்டா."

மாசிலாமணி உள்ளே போய்த் திரையை இழுத்தார்.

"அவிழுங்கய்யா."

பின்னால் வந்த வைத்தியலிங்கம் திரைக்கு வெளியே எட்டிப் பார்த்தார். "சாமி, அம்மனுக்கு எங்கயும் இடது தோள்தான் வழக்கம். ஊர் பேசும்."

"பேசட்டும். அவிழுங்க."

அவர் ஒவ்வொரு ஊசியாக எடுத்தார். விசிறி சரிந்தது. மாசிலாமணி புடவையை உதறி அம்மன் இடுப்பில் சுற்றினார். உள்ளிருந்தே குரல் கொடுத்தார்.

"செருகல் எந்தப் பக்கம்மா?"

"வலப்பக்கம் சாமி."

"இறுக்கியா?"

"நல்லா இழுத்து. தொங்கினா அவளுக்குப் பிடிக்காது."

"கொண்டை போடுமா, பின்னலா?"

"பின்னல். கொல்லைக்குப் போறப்ப மட்டும் முடிஞ்சுக்குவா."

பூச்சரத்தைக் கழற்றிவிட்டு, அம்மனின் சவுரி முடியை மாசிலாமணி அள்ளி முடிந்தார்.

திரை விலகியது. அம்மன் வேலைக்குக் கிளம்பியவள் போல நின்றாள். புடவை குட்டையாக இருந்தது. முழங்காலுக்குப் பக்கத்தில் பச்சைத் தையல் தெரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் யாருக்கும் தோன்றவில்லை. ஒரு பெரியவர், "என்னய்யா, முந்தானை வலது தோள்ல?" என்று ஆரம்பித்தார். செங்கமலத்தின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"தேவகி," என்றாள் அவள். மகளை வாசலில் கண்டு கூப்பிடுகிற மாதிரி.

பிறகு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். அவள் தம்பி தூணைப் பிடித்துக்கொண்டான்.

"சுடுகாட்டுக்குத் தூக்கிட்டுப் போனப்பகூட அழலைங்க," என்றான் மாசிலாமணியிடம். "பயந்துகிட்டே இருந்தோம்."

வெகுநேரம் அழுதாள். யாரும் அவளை எழுப்பவில்லை. அழுது முடித்துத் தானே எழுந்தாள். கைகூப்பினாள். திருநீறு வாங்கிக்கொண்டு தம்பியோடு போனாள்.

கூட்டம் கலைந்தது. வைத்தியலிங்கம் கீழே கிடந்த ஊசிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டார். அம்மனைத் திரும்பிப் பார்த்தார். உட்கார்ந்துவிட்டார்.

"எத்தனையோ ஊர்க் கட்டு பாத்திருக்கேன் சாமி. இந்தக் கட்டு எனக்குத் தெரியாமப் போச்சு."

மாசிலாமணி விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கும் தெரியாதுங்கய்யா," என்றார். "அதனாலதான் அந்தம்மாகிட்ட கேட்டேன்."