ஒருதரம் இழுத்தால்

"என்னை எப்பத்தான் கீழ விடப்போறீங்கள்?" என்று கேட்டார் சூசைப்பிள்ளை.

மன்னாரில் சங்கு குளித்து வளர்ந்த உடம்பு. இப்போது ஐம்பது தாண்டி, நோர்வேயின் வடக்குக் கடைசித் தொங்கலில், மீன் தொழிற்சாலையில் வேலை. பனிக்கட்டிக்கு அடியில் சுழியோடப் பழக்குகிற தர்சிகாவுக்கு அவருடைய மகளின் வயதுதான் இருக்கும். குருவுக்கு வயதா பார்க்கிறது?

"கீழ என்ன அலுவல், அண்ணை?"

"மச்சானிட்டை ஒரு வார்த்தை கேக்கவேணும்."

மச்சான் அலோசியஸ், சூசைப்பிள்ளையின் கூடப்பிறந்த தங்கச்சியின் புருசன், இரண்டு வருசத்துக்கு முன்னம் இதே பனிக்கட்டித் துளைக்குள் இறங்கினவர். ஏறி வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

"கேட்டிட்டு மேல வருவீங்களோ?"

சூசைப்பிள்ளை பனிக்கட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தர்சிகா தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் நீட்டினாள். தேத்தண்ணியை மட்டும் எடுத்தார். இரண்டு வருசமாய் இனிப்பு அவர் வாயில் படவில்லை.

"எல்லாம் பழக்கிப்போட்டன். கயிறு பிடிச்சுக் காட்டுறதுதான் மிச்சம்."

"கயிறு பிடிச்சுத்தானே தங்கச்சி, இப்பிடி ஆனனான்."

மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். கடலில் அது இன்னும் கட்டாயம். குளிக்கிறவனின் கயிற்றை அவன் மனைவியின் சகோதரன்தான் பிடிப்பான். தன் தங்கச்சி தாலியறுக்க விடமாட்டான் அல்லவா? ஒருதரம் இழுத்தால், தூக்கு. அவ்வளவுதான் மன்னார்க் கடலின் பாசை.

இந்தக் கடலின் பாசை வேறு. ஒருதரம் இழுத்தால், சுகமோ? திருப்பி ஒருதரம் இழுத்தால், சுகம்.

மச்சான் இறங்கின அந்தக் கிழமைதான் சூசைப்பிள்ளை அதைப் படித்து முடித்திருந்தார். அலோசியஸ் வகுப்புப் பக்கமே வரவில்லை. "மீனுக்கு ஆரடா நீச்சல் பழக்கினது?" என்று சிரித்தவர்.

அன்றைக்குக் கீழிருந்து ஒருதரம். மேலிருந்து ஒருதரம்.

"மூண்டு தரம் சுகம் விசாரிச்சனாங்கள்," என்றார் சூசைப்பிள்ளை. "நாலாவது வரேல்லை."

தர்சிகா எழுந்தாள். ஒரு கல்லைக் கயிற்றில் இறுக்கிக் கட்டினாள். துளைக்குள் இறக்கினாள். மறு நுனியை அவர் கையில் வைத்தாள்.

"இழுபட்டால் பதில் சொல்லுங்கோ."

"கல்லு இழுக்குமோ?"

"இருங்கோ," என்றுவிட்டுக் கொட்டிலுக்குள் போனாள்.

மத்தியானம் பன்னிரண்டு மணி. சூரியன் கடைசியாய் வந்து ஒரு மாதம். மலை, பனிக்கட்டி, அவருடைய கை, எல்லாம் ஒரே நீலம். காற்று இல்லை. எங்கோ தூரத்தில் பனிக்கட்டி ஒருமுறை முனகி அடங்கியது.

கயிறு இழுபட்டது.

ஒருதரம்.

சூசைப்பிள்ளை துள்ளி எழுந்தார். இரண்டு வருசத்துப் பலத்தையும் சேர்த்து இழுத்தார். பாகம் பாகமாய் ஈரக்கயிறு காலடியில் விழுந்து, விழுந்த இடத்திலேயே விறைத்தது.

நுனி வந்தது. கல் இல்லை. கயிறு அறவில்லை, முடிச்சை ஆரோ ஆற அமர இருந்து அவிழ்த்த மாதிரி இருந்தது.

தர்சிகா பின்னால் நின்றாள்.

"என்ன வந்தது?"

"ஒண்டு," என்றார். "தூக்கச் சொல்லுறான், தங்கச்சி. இன்னும் தூக்கச் சொல்லுறான்."

"எந்தக் கடலின்ரை பாசையிலை?"

அவர் திரும்பி அவளைப் பார்த்தார்.

"ரெண்டு வருசமா இந்தக் கடலுக்குள்ள இருக்கிற ஆள், அண்ணை. இன்னுமா இந்தப் பாசை பழகேல்லை?"



சூசைப்பிள்ளை குந்தினார். கல்லில்லாத கயிற்றை மெல்ல மெல்லத் துளைக்குள் விட்டார். அது மிதக்கவில்லை. கீழே, கீழே, தானாய்ப் போயிற்று.

கையுறையைக் கழற்றினார். வெறுங்கையால் பிடித்து, பதிலுக்கு ஒருதரம் இழுத்தார்.

கீழே பிடித்திருந்த கை விட்டது போலக் கயிறு தொய்ந்தது.

பிறகு நுனியை விட்டார். அது பனிக்கட்டியில் சரசரவென்று ஓடி, துளைக்குள் இறங்கி மறைந்தது.

"தங்கச்சி," என்றார், திரும்பாமலே. "அந்தப் பனங்கட்டி இருக்கோ?"